வெள்ளிக்கிழமைப் பால்

கடையநல்லூர் காசிமுக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது பூனாவை அடுத்த தளேகாவ் ஸ்டேஷன் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறவனுக்குத் திட்டு விழும். பாதி குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்கிறவனுக்கும் விழும். இந்தியில் ஆரம்பித்து மராத்தியில் ஏறி, கோபம் உச்சிக்குப் போனால் திருநெல்வேலித் தமிழில் முடிப்பான். திட்டு வாங்கிக்கொண்டும் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் அவன் கடையில்தான் நின்றது, டீ அப்படி. ரயில் பிடிக்க ஓடுகிறவன்கூட நின்று குடித்துவிட்டு ஓடுவான்.

எண்பத்தெட்டில் இருபத்திரண்டு வயதில் பூனாவுக்கு வந்தவன். சித்தப்பா கடையில் இரண்டு வருஷம் எடுபிடியாக நின்றுவிட்டு, தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் தனியாகக் கடை போட்டான். சுல்தான் பீவியைக் கட்டிக்கொண்டு வந்தான். ஷஃபானா பிறந்தாள். கடைக்குப் பின்னாலேயே வீடு. டீயை மட்டும் ஊர்ப் பழக்கத்தில் போடவில்லை. நம் ஊரில் பாலைத் தனியாகக் காய்ச்சுவோம், டிகாஷனைத் தனியாக இறக்குவோம். பூனாக்காரர்களுக்கு அது பிடிக்காது. தண்ணீர், தூள், சர்க்கரை, தட்டிய இஞ்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு, அதன் தலையிலேயே பச்சைப் பாலை ஊற்றிப் பொங்க வைக்க வேண்டும். காசிம் அதை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டான். பிற்பாடு நடந்த அத்தனை அநியாயத்துக்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று அவனே சொல்லிச் சொல்லி வயிறெரிந்தான்.

தண்ணீர் பொதுக் குழாயில் வந்தது. காலனி ஓரத்தில் பெரிய தொட்டி ஒன்று உண்டு, அங்கே அதை டாக்கி என்பார்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அதில் ஏற்றி, மூன்று தெருவுக்கும் காலையில் ஒன்றரை மணி நேரம் திறந்துவிடுவார்கள். பால் பத்ரிநாத்திடம் வாங்கினான். பத்ரிநாத் பக்கத்து வாடியில், அந்தச் சின்னக் கிராமத்தில், ஆறு எருமை வைத்திருந்த மராட்டியன். ஏழு வருஷமாக விடியற்காலையில் சைக்கிளில் இரண்டு கேனோடு வந்து நிற்பான். நல்லதாகவும் பேசமாட்டான், கெட்டதாகவும் பேசமாட்டான்.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பால் ஊற்றியதும் டீ திரிந்தது. முதல் கொதியிலேயே வெள்ளை வெள்ளையாகப் பிரிந்து பாத்திரம் பூராவும் மிதந்தது. காசிம் அதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டான், அதுவும் திரிந்தது. வெயில் காலம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான். சனிக்கிழமை சரியாக இருந்தது. அடுத்த வெள்ளி மறுபடி திரிந்தது. மூன்றாவது வெள்ளியும் அப்படியே.

ஏன் வெள்ளிக்கிழமை மட்டும் என்று காசிம் யோசித்தான். பாவி, யோசிக்காமலே இருந்திருக்கலாம். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வாராந்திர விடுமுறை வியாழக்கிழமை. அன்று டீக்கடைகள் பாதிப் பால்தான் வாங்கும். மிச்சப் பால் என்ன ஆகும்? பத்ரிநாத் அதை வைத்திருந்து வெள்ளிக்கிழமைப் பாலில் கலக்கிறான். வேறென்ன? டீக்கடைக்காரன் மூளைக்கு இது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பொருந்திவிட்ட பிறகு யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

நாலாவது வெள்ளிக்கிழமை, ஷிப்டுக் கூட்டம் மொத்தமும் நிற்கிற நேரத்தில், கேனைப் பிடுங்கிப் பாலை ரோட்டில் ஊற்றினான். "பழைய பாலை ஊத்தி எங்களக் கொல்லப் பாக்கியாலே" என்று தமிழில் ஆரம்பித்து, மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று இந்தியிலும் மராத்தியிலும் அதையே சொன்னான். பத்ரிநாத் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "பால் இன்னிக்குக் கறந்தது, காசிம்பாய்."

அதோடு காசிம் விட்டானா? குடிநீரிலிருந்து குப்பை வரைக்கும் எல்லாப் புகாரையும் வாங்கிக்கொள்கிற ஆபீஸ் ஒன்று அங்கே இருந்தது. அதன் வாசலில் மனு தட்டச்சு செய்கிறவரிடம் சொல்லி, கலப்படப் பால் என்று புகார் அடித்து, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் வாங்கி வந்தான். ஒரே வாரத்தில் ரோட்டிலிருந்த மற்ற கடைகளும் பத்ரிநாத்தை நிறுத்தின. அவன் முதலில் இரண்டு எருமையை விற்றான். தீபாவளிக்குள் ஆறும் போய்விட்டன. அப்புறம் டாக்கிக்குப் பின்னால் இருந்த முலாம் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டபோது, காசிம் பெரிய நீதிமான் மாதிரி தலையை ஆட்டினான்.

பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை பாக்கெட் பாலும் திரிந்தது. வண்டியில் ஐஸ் போடாமல் கொண்டுவருகிறான் என்று ஏஜெண்டைத் திட்டினான். வேறு கம்பெனிக்கு மாறினான், அதையும் திட்டினான். நடுவில் அலுமினியப் பாத்திரத்தின் அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக விழுந்து, ஒரு நாள் ஓட்டையே விழுந்தது. பாத்திரக்காரனையும் போய்த் திட்டிவிட்டு வந்தான். உலகத்தில் இருக்கிற எல்லோரும் அயோக்கியர்கள், தண்ணீர் மட்டும் யோக்கியம்.

ஷஃபானாவுக்கு அப்போது ஆறு முடிந்து ஏழு. மராத்திப் பள்ளிக்கூடம், தெருவெல்லாம் இந்தி. வீட்டில் மூன்றையும் கலந்து பேசுவாள். "வாப்பா, பானி கட்டா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். தண்ணீர் புளிக்கிறது என்று அர்த்தம். "டம்ளர ஒழுங்கா கழுவிக் குடி" என்றான் காசிம். வெள்ளிக்கிழமைகளில் வயிறு எரிகிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வாள், வாந்தி எடுப்பாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள் என்று ஒருமுறை முதுகில் ஒன்று வைத்தான். அடி வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது. அதை நினைத்தால் காசிமுக்கு இன்றைக்கும் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கும்.

கடைசியில் கண்டுபிடித்தவள் சுல்தான் பீவி. தொண்ணூற்றெட்டு ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், அவன் பாக்கெட்டை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வந்தாள்.

"மச்சான், ஒரு வருசமா பால மாத்திட்டே இருக்கிய. தண்ணிய மாத்திப் பாத்தியளா?"

"எனக்கு டீ போடச் சொல்லிக் குடுக்கியா நீ?"

"சொல்லிக் குடுக்கல. கண்ணால பாக்கதச் சொல்லுதேன். இதே பாலத்தான் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சினேன், நல்லாத்தான பொங்குச்சு."

அதே பாக்கெட்டை இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாத்திரத்தில் வெறும் பாலைக் காய்ச்சினாள், நுரை கட்டிப் பொங்கியது. இன்னொன்றில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் பாலை ஊற்றினாள். ஊற்றி முடிப்பதற்குள் திரிந்தது. தூளும் போடவில்லை, இஞ்சியும் போடவில்லை, வெறும் தண்ணீர்தான்.

காசிம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். ஒரே ஒரு தடவை, பத்ரிநாத்தின் பாலைத் தனியாக அடுப்பில் வைத்திருந்தால் போதும். இரண்டு நிமிஷ வேலை. பிறகு ஷஃபானாவின் ஞாபகம் வந்தது. ஒரு வருஷமாகத் தான் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போன முகங்களெல்லாம் வந்தன. அன்று முதல் அவன் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தான். ஆனால் மூன்று தெருவும் சைக்கிளில் தண்ணீர் கொண்டுவர முடியுமா? டாக்கித் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும், அவ்வளவுதான் அவன் மனதில் இருந்தது.

ஆபீசுக்குப் போனான். தண்ணீரைச் சோதிக்கிற வேலையை ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு விட்டிருந்தார்கள். அதன் ஆள் அங்கேயே மேஜை போட்டு உட்கார்ந்து, புகார்களை வாங்கி ஸ்டாம்பும் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் கோவிந்தராஜ், கோயம்புத்தூர்க்காரர். காசிமுக்குத் தெய்வமே வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"வாங்க பாய், உக்காருங்க. நம்ம ஊர்ப் பேச்சக் கேட்டு எத்தன நாளாச்சுங்க" என்றார் அவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினார். "வாராவாரம் செவ்வாக்கெழம சாம்பிள் எடுக்கறமுங்க. ஒரு குத்தமும் இல்லீங்களே."

"வெள்ளிக்கெழம எடுத்துப் பாருங்க சார். வெள்ளிக்கெழமதான் திரியுது."

"எங்க முறை செவ்வாக்கெழமைங்க, மாத்த முடியாது. அப்படிச் சந்தேகமா இருந்தா கொதிக்க வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க. நீங்க கொதிக்க வெச்சுத்தானுங்க டீ போடறீங்க, அப்புறம் என்ன பயம்?"

அடுத்த வாரமே தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும். கிருமி இருந்தால் காய்ச்சினால் சாகும். அமிலமும் உலோகமும் காய்ச்சினால் எங்கே போகும்? ஆவியாகப் போவது தண்ணீர், விஷம் பாத்திரத்திலேயே நின்று இன்னும் கெட்டியாகும். பள்ளிக்கூடம் போகாத சுல்தான் பீவிக்குப் புரிந்தது, சோதனைக்கூடம் வைத்திருக்கிறவனுக்குப் புரியாதா? புரியும். மூன்று தெருப் பெண்களும் நோட்டீஸை நம்பி, பிள்ளைகளுக்கென்று சீரகம் போட்டு, பாதியாகச் சுண்டுகிறவரை காய்ச்சிக் கொடுத்தார்கள். பாசத்தோடு செய்தார்கள். அதை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் அதிகமாக வருகிறது.

மூன்றாவது தடவை போனபோது கோவிந்தராஜ் ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேஜைமேல் வைத்தார். காசிம் போன வருஷம் கொடுத்த புகார்.

"உங்க கையெழுத்துதானுங்களே? பால் திரியறதுக்குக் காரணம் பால்காரன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கறீங்க. இப்ப தண்ணிங்கறீங்க. நாளைக்கு அடுப்பும்பீங்க. இத வெச்சுக்கிட்டு மேல நான் என்னன்னு எழுதறது, சொல்லுங்க பாய்."

குரலில் அத்தனை மரியாதை. காசிம் எழுந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் திட்டாமல் வெளியே வந்தான்.

அன்றே பத்ரிநாத் வீட்டுக்குப் போனான். தண்ணீரில் என்ன கலக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால், டாக்கிக்குப் பின்னால் வேலை பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். எந்த முகத்தோடு போகிறோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டான். வாசலில் பத்ரிநாத்தின் மனைவி ராஜஸ்ரீ அவனைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஊர் வழக்கப்படி உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

அந்த வீட்டுக்கும் அதே டாக்கித் தண்ணீர்தான். காசிம் டம்ளரைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு யோக்கியதை இல்லை. எடுத்து வாய்க்குக் கொண்டுபோனான். பத்ரிநாத் எழுந்து வந்து அதை வாங்கி வாசலில் கொட்டினான்.

"வந்தவங்களுக்கு வெக்கணும்னு வழக்கத்துக்கு வெக்கிறோம், இத நாங்க குடிக்கிறதில்ல. குடிக்கிற தண்ணி வேற, வயக்காட்டுக் கெணத்துலேர்ந்து அவ தலையில சுமந்துட்டு வரா."

"உனக்குத் தெரியுமா, பத்ரிநாத்?"

"பட்டறையில வியாழக்கெழம லீவு. மத்தவங்க இல்லாத அன்னிக்கு எங்க நாலு பேர மட்டும் வரச் சொல்வாங்க. முலாம் தொட்டியில வாரம் பூரா இருந்த ஆசிட் தண்ணிய, உள்ள இருக்குற பழைய போர் கெணத்துல கொட்டணும். டாக்கிக்குத் தண்ணி எடுக்குற போர் சுவத்துக்கு அந்தப் பக்கம். இருபது அடி இருக்கும்."

அவன் கைகளை மடியில் வைத்திருந்தான். விரல் இடுக்குகளில் வட்ட வட்டமாகப் புண், ஒவ்வொன்றும் குழி விழுந்து, ஆறாமல், ஓரம் தடித்துப்போய் இருந்தது. எருமை மடியில் வழவழப்பாக ஓடிய விரல்கள்.

"ஒரு வார்த்த வந்து சொல்லியிருக்கலாமே" என்றான் காசிம். சொன்ன பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

"முதல் வியாழக்கெழம கொட்டும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு, எம் பால் ஏன் திரிஞ்சுதுன்னு. உங்கிட்ட சொல்லணும்னு உன் கடை வரைக்கும் வந்தேன். நீ வேற எவனையோ திட்டிட்டு இருந்த. திரியட்டும்னு திரும்பி வந்துட்டேன்." பத்ரிநாத் காலி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தான். "அது தப்புதான். உம் பொண்ணும் அதத்தானே குடிச்சுது."

சாட்சி சொல்ல அவன் சம்மதித்தான். ஒரு நிபந்தனைதான் போட்டான். அவன் பாலில் குற்றமில்லை என்று முதலில் காசிம் எழுதித் தர வேண்டும், அதே ஆபீசில், அதே மாதிரி ரப்பர் ஸ்டாம்போடு.

கோவிந்தராஜ் அந்த மனுவை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்ப் புகார் குடுத்தேன்னு நீங்களே எழுதறீங்க. கடை லைசென்ஸ் என்னாகுமுன்னு ரோசன பண்ணீங்களா பாய்? நம்ம ஊர்க்காரராச்சேன்னு சொல்றேனுங்க."

"ஸ்டாம்பு போடுங்க சார்."

"இன்னொருக்கா யோசிங்க."

"நான் யோசிச்சதாலதான் ஒருத்தன் குடும்பம் தெருவுக்கு வந்துச்சு. நீங்க ஸ்டாம்பப் போடுங்க. இல்லன்னா வெள்ளிக்கெழமத் தண்ணிய ஒரு குடம் கொண்டாந்து இங்க வெக்கேன், நீங்க காய்ச்சிக் குடிங்க."

பின்னால் மூன்று தெருப் பெண்களும் வரிசையாக நின்றார்கள். சுல்தான் பீவி முன்னால் நின்றாள். ஸ்டாம்பு விழுந்தது. பத்ரிநாத்தும் வந்து சாட்சி சொன்ன பிறகு, வெள்ளிக்கிழமை சாம்பிள் எடுக்க முடியாது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலில் லேசான மஞ்சளாக இருந்தது. கோவிந்தராஜின் கையிலிருந்த சோதனைத் தாள் நனைந்ததுமே நிறம் மாறியது. அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பெட்டியை மூடினார். அறிக்கை வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் குழாயில் அதே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், வெட்கமே இல்லாமல். பிறகு உத்தரவு வந்தது. இந்தத் தண்ணீர் இன்று முதல் குடிப்பதற்கு ஏற்றதல்ல.

"இன்னிக்கு முதல்னா, நேத்து வரைக்கும்?" என்று காசிம் ஆபீசில் கேட்டான்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்ததுன்னுதான் ரெக்கார்டு" என்று குமாஸ்தா இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

டாக்கியின் போர் கிணற்றுக்கு சீல் வைத்தார்கள். தெருவுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது. பட்டறைக்கு ஒரு நோட்டீஸ் போனது, அவ்வளவுதான். மறு வாரமே இயந்திரங்கள் ஓடின. பத்ரிநாத்தைச் சாட்சி சொன்ன அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். ஷஃபானாவின் வயிற்றில் புண் இருக்கிறது என்றார் டாக்டர். மருந்துக்கு ஆறும், ஆனால் பின்னால் என்ன வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். யாராலும் சொல்ல முடியாது என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

ஸ்டாம்பு வைத்த மனுவின் நகலை எடுத்துக்கொண்டு காசிம் மறுபடி பத்ரிநாத் வீட்டுக்குப் போனான். பத்ரிநாத் கட்டிலில் சுருண்டு படுத்திருந்தான், புண்ணில் துணி சுற்றியிருந்தது. ராஜஸ்ரீ காகிதத்தை வாங்கி மெல்ல வாசித்தாள். ஏழாவது வரை படித்தவள். பால் சுத்தமானது, புகார் தவறானது, வருந்துகிறேன் என்பதுவரை வாசித்து முடித்தாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"பாலைப் பத்தி எழுதியிருக்கீங்க, சரி. இவர் கையைப் பத்தி யார் எழுதறது?"

 பட்டறை அந்தக் கைகளுக்கு ஒரு உறைகூடக் கொடுத்ததில்லை. மூன்று தெருத் தண்ணீருக்கு நோட்டீஸ் போனது, இந்தக் கைகளுக்காக யாரும் ஒரு வரி எழுதவில்லை. 

"வஹினி, ஒரு பேப்பர் குடுங்க" என்றான் காசிம். அண்ணியை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். காசிம் தட்டச்சுக்காரரிடம் போகவில்லை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்ற கோணல் மராத்தி எழுத்தில் தானே எழுதினான். முகமது காசிம் ஆகிய நான், டீக்கடைக்காரன், இந்தப் பட்டறையின் மேல் கொடுக்கும் புகார். அதில் வேலை செய்த, என்பதுவரை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான்.

ஏழு வருஷம் அந்த ஆள் கையால் பால் வாங்கியிருக்கிறான். ரோட்டில் வைத்து அவமானப்படுத்தியிருக்கிறான். அவன் வாழ்க்கையையே கெடுத்திருக்கிறான்.

"வஹினி, இவர் முழுப் பேர் என்ன?"

ராஜஸ்ரீ அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, பிள்ளைக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பத்ரிநாத் சோபான் காளே."